தனக்கென ஒரு பாணியா, வந்துபோகும் ஃபேஷனா?

ஃபேஷனைப் பின்பற்றுகிறவர்களுக்குச் சொந்த ரசனை இல்லை என்றும், தமக்கென ஒரு பாணி வைத்திருப்பவர்கள் காலத்தோடு ஒட்டாதவர்கள் என்றும் சொல்லிவிடுவது எளிது. இரண்டுமே அவசரத் தீர்ப்புகள். என்ன உடுத்துவது என்பதை யார் தீர்மானிக்கிறார்கள் என்று கேட்டால்தான் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பிடிபடும்.

ஃபேஷனில் அந்தத் தீர்மானம் நாம் கடைக்குள் நுழைவதற்கு வெகு முன்பே எடுக்கப்பட்டுவிடுகிறது. 1947 பிப்ரவரியில் பாரிஸில் ஆடை வடிவமைப்பாளர் கிறிஸ்தியன் டியோர், சிறுத்த இடையும் நீண்டு விரிந்த பாவாடையுமாகத் தம் முதல் தொகுப்பைக் காட்டியபோது, போர்க்காலத் துணிக் கட்டுப்பாட்டுக்கு ஏற்பச் சிக்கனமாகத் தைக்கப்பட்டிருந்த உடைகள் திடீரெனப் பழசாகத் தோன்றத் தொடங்கின. அந்த உடைகள் கிழியவும் இல்லை, சாயம் போகவும் இல்லை. பார்க்கிற கண்தான் மாறியிருந்தது. ஆயினும் பல ஆண்டுச் சிக்கனத்தில் சலித்திருந்த பலருக்கு அந்தத் தாராளம் பிடித்திருந்தது என்பதையும் மறுக்க முடியாது. நாமாக ஒருபோதும் கையில் எடுத்திராத நிறத்தையோ, துணியை வெட்டித் தைத்த புதிய வடிவத்தையோ (வெட்டையோ) உடுத்திப் பார்க்கத் தூண்டுவதுதான் ஃபேஷனின் உண்மையான பலம் என்பேன்.

சொந்தப் பாணியின் பலம் உடலுக்குப் பொருந்தும் அளவில் இருக்கிறது. ஒரு சட்டையின் தோள் தையல் தோள் எலும்பின் முனையில் உட்கார வேண்டும் என்பது பொதுவான கணக்கு. அது கைக்குச் சரிந்து இறங்கும் தொளதொளப்பான வெட்டு ஃபேஷனாகும்போது, நெடிய உடலுக்கு எடுப்பாக இருப்பது குள்ளமான உடலை விழுங்கிவிடலாம். வாங்கிய பிறகு திருத்திக்கொள்ளலாம் என்றால், பக்கத் தையலைப் பிடிப்பது எளிது, தோளைத் திருத்துவது கடினம். தையலுக்கு உள்ளே துணி விடாமல் ஓரத்தை நறுக்கி, நூல் பிரியாதபடி ஓவர்லாக் தையல் அடித்த மலிவு ஆயத்த ஆடையைப் பிரித்துப் பெரிதாக்கவே வழியில்லை. தன் உடலை அறிந்தவர் இதையெல்லாம் கண்ணாடி முன் நின்ற மாத்திரத்தில் கண்டுகொள்வார். விரைவில் அலுத்துப்போகும் உடைகள் எங்கே போய்ச் சேர்கின்றன என்பதற்குச் சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்தில் குவிந்த துணி மலைகளே சாட்சி. அந்தக் கணக்கிலும் சொந்தப் பாணிக்கே என் வாக்கு.

ஆனால் சொந்தப் பாணி எளிதில் சோம்பலாக மாறிவிடும். ஆப்பிள் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் ஜாப்ஸ், ஜப்பானிய வடிவமைப்பாளர் இஸ்ஸே மியாகே வடிவமைத்த கறுப்பு மேலாடையையே திரும்பத் திரும்ப அணிந்ததைப் பலர் பாணிக்கு முன்மாதிரியாகக் காட்டுவார்கள்; எனக்கு அது சீருடையாகவே படுகிறது. இருபது வயதில் தேர்ந்த வெட்டை, உடல்வாகும் வேலையும் மாறிய ஐம்பதிலும் விடாமல் பிடித்திருப்பவர், ஃபேஷனுக்குப் பதில் தம் இளமைக்குக் கட்டுப்பட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

பாணியை நம்புகிறவர்கள் அதிகம் பேசாத இன்னொன்றும் உண்டு: தேர்வு நம்முடையது என்றாலும் சரக்கு ஃபேஷனுடையது. இறுக்கமான ஜீன்ஸ் கோலோச்சிய ஆண்டுகளில் அகன்ற கால்சட்டையை விரும்பியவர்கள் தையற்காரரையோ பழைய துணிக் கடையையோதான் நாட வேண்டியிருந்தது. ஆகவே, தமக்குப் பொருந்தும் வெட்டு எது என்று அறிந்தவர்கள், அது ஃபேஷனாகிக் கடையெங்கும் தொங்கும் பருவத்தில் நல்ல துணியாகப் பார்த்து ஒன்றுக்கு இரண்டாக வாங்கி வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். அடுத்த பருவத்தில் அது கிடைக்கும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள்.