ஒரே தொட்டி, நான்கு பெட்ரோல்: சிறிய நகராட்சி விமான நிலையம் எதை நிரப்பலாம்?

கலிஃபோர்னியாவின் வாட்சன்வில் விமான நிலையம் நகராட்சிக்குச் சொந்தமானது. கட்டுப்பாட்டுக் கோபுரம் கிடையாது. அங்கே இறங்குபவை பெரும்பாலும் செஸ்னா, பைப்பர் போன்ற பிஸ்டன் விமானங்கள். இப்படிப்பட்ட நிலையங்களில் இன்றைய பெரிய கேள்வி, தொட்டியில் எந்தப் பெட்ரோலை நிரப்புவது என்பதுதான்.

இப்போது பரவலாக விற்கும் விமானப் பெட்ரோல், நீல நிறத்தில் இருக்கும் 100எல்எல். பெட்ரோலில் ஓடும் பிஸ்டன் எஞ்சின்கள் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் ஒத்துப்போகும். டேங்க் சீலன்ட் (கசிவை அடைக்கும் பூச்சு), ரப்பர் வளையம், பெயின்ட் எதையும் கெடுக்காது என்று பல்லாண்டுப் பழக்கம் காட்டியிருக்கிறது. ஆனால் லிட்டருக்கு 0.56 கிராம் வரை ஈயம் இருக்கலாம். ஸ்பார்க் பிளக்கில் படிவதைச் சுத்தம் செய்துவிடலாம்; ஓடுபாதையை ஒட்டி வாழும் குழந்தைகளின் உடலில் சேர்வதை எடுக்க முடியாது. எனவே மாறித்தான் ஆகவேண்டும். கலிஃபோர்னியாவில் 2031 ஜனவரி 1 முதல் ஈயப் பெட்ரோல் விற்கத் தடை. அதற்காக இன்றே நிறுத்திவிடவும் முடியாது: 2022-ல் இதை விற்ற நிலையங்கள், தகுந்த மாற்று கிடைக்கும்வரை அல்லது 2030 இறுதிவரை தொடர்ந்து தரவேண்டும் என்கிறது 2024-ன் அமெரிக்க மத்தியச் சட்டம்.

முதல் மாற்று யூஎல்94. இதில் ஈயம் இல்லை, 100எல்எல்லுடன் கலக்கலாம். ஆக்டேன் (தானாக வெடித்து எரியாமல் தாங்கும் திறன்) குறைவு என்பதால் உயர் அழுத்த எஞ்சின்களில் நாக்கிங், அதாவது எரிபொருள் நேரம் தப்பி வெடித்து எரிவது, வரலாம். பயிற்சி விமானங்கள் பலவற்றுக்கு இது போதும். ஆனாலும் ஒரு எச்சரிக்கை: விமானப் பயிற்சி தரும் நார்த் டகோட்டா பல்கலைக்கழகம் 2023 கோடையில் இதற்கு மாறி, எக்ஸாஸ்ட் வால்வ் சீட் (புகை வெளியேறும் வால்வ் அமரும் வளையம்) தேய்வதைக் கண்டு அக்டோபரில் 100எல்எல்லுக்கே திரும்பியது. மாறுபவர்கள் வால்வ் இடைவெளியை முதலிலேயே அளந்து குறித்துவைத்து, பிறகு குறித்த காலத்துக்கு ஒருமுறை ஒப்பிடவேண்டும்.

இன்னொரு ஈயமில்லாப் பெட்ரோலான ஜி100யூஎல்லுக்கு 2022 செப்டம்பரில் எஸ்டிசி (விமானத்தில் மாற்றம் செய்ய அரசு தரும் துணை அனுமதிச் சான்று) கிடைத்தது. தீப்பொறியால் பற்றவைக்கும் விமான பிஸ்டன் எஞ்சின்கள் அனைத்தும் அதில் அடக்கம். ஆக்டேன் குறையே இல்லை. சிக்கல் எஞ்சினுக்கு வெளியே: பெயின்ட் கறைபடுகிறது, சீலன்ட் இளகுகிறது என்று உரிமையாளர்கள் புகார் சொல்கிறார்கள், தயாரிப்பாளர் மறுக்கிறார். பழைய விமானங்கள் நிறைந்த நிலையத்துக்கு இதை நாங்கள் பரிந்துரைக்கமாட்டோம்.

நான்காவது, ஸ்விஃப்ட் நிறுவனத்தின் ஈயமில்லாப் பெட்ரோலான 100ஆர். அதற்கு 2024-ல் முதல் அனுமதி கிடைத்தபோது செஸ்னா 172 ஆர், எஸ் மட்டுமே அதில் இருந்தன.

ஆக்டேனைவிடக் கலவைதான் ஆபத்தான இடம். ஜி100யூஎல்லும் 100ஆரும் தனித்தனியே 100எல்எல்லுடன் சேரும், ஒன்றோடொன்று சேரக்கூடாது. ஒரு ஊரில் ஒன்றும் அடுத்த ஊரில் மற்றதும் விற்றால், பாதி டேங்கோடு வரும் விமானிக்கு வழியில்லை.

ஒரே தொட்டி உள்ள நிலையம் இப்போதைக்கு 100எல்எல்லை வைத்திருக்கட்டும். பயிற்சிப் பள்ளி இருந்தால் சிறு டேங்கர் லாரியில் யூஎல்94 தரலாம். பம்ப், ஹோஸ், ஃபில்டர் மூன்றும் தனியாக இருக்கவேண்டும். பழைய லாரியை மாற்றினால் முழுக்க வடித்து, ஃபில்டரை மாற்றி, முதல் சில லிட்டரைத் தனியே பிடித்து நிறமும் நீரும் பார்த்த பிறகே விற்கலாம். நிரப்புமுன் விமானத்தின் எஸ்டிசி தாளையும் மூடியருகே ஒட்டிய எரிபொருள் ஸ்டிக்கரையும் ஊழியர் பார்க்கட்டும்; இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் 100எல்எல்தான்.