இறக்கத்தில் இழுப்பதற்குக் கயிறா, இரும்புப் பாரா?

நின்றுபோன வாகனத்தை நான்கு சக்கரமும் தரையில் உருள இழுத்து வருவதற்குக் கடையில் கிடைப்பவை மூன்று: நைலோன் பட்டி அல்லது கயிறு, இரண்டு முனையிலும் வளையம் வைத்த நேர் பார், பழுதான வண்டியின் முன்புறத்தில் இரண்டு இடங்களில் பூட்டும் ஏ வடிவப் பார். கையில் காசும் பாதையில் அகலமும் இருந்தால் நான்காவதாக, வண்டியையே முதுகில் ஏற்றிப் போகும் கேரியர் லொறி இருக்கிறது. மலைநாட்டில், ஹட்டனில் கராஜ் நடத்தும் நானும் என் மச்சானும் போன வருடம் நேர் பாரை வாங்கினோம். சமதரையில் தொழில் செய்பவர் இதற்கு மேல் படிக்கத் தேவையில்லை. அவருக்குக் கயிறு போதும்.

கயிற்றின் நல்ல குணங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. மலிவு, சீட்டுக்கு அடியில் சுருட்டி வைக்கலாம், சேற்றில் புதைந்த வண்டியை வெளியே எடுக்க அதைவிட நல்லது இல்லை. நைலோன் சற்று நீண்டு கொடுப்பதால் முதல் இழுப்பின் வெட்டு குறையும். கம்பி வடத்தை மட்டும் வாங்காதீர்கள். பிரிந்த இழை கையைக் கிழிக்கும், அறுந்தால் ஆளையே அடிக்கும்.

ஆனால் கயிற்றுக்கு இழுக்கத்தான் தெரியும், தடுக்கத் தெரியாது. எங்கள் பக்கத்தில் விஷயமே இந்த ஒன்றுதான். பத்து மீற்றர் ஓடினால் ஒரு மீற்றர் இறங்கும் சரிவில், ஒரு டன் எடையுள்ள கார் ஏறத்தாழ 100 கிலோ விசையோடு கீழ்நோக்கி இழுபடும். கயிற்றில் கட்டியிருந்தால் அந்த விசையைத் தடுக்க வேண்டியவர் பின்வண்டியில் உட்கார்ந்திருப்பவர் மட்டுமே. அவருடைய எஞ்சினோ ஓடவில்லை. பிரேக்குக்குத் துணை நிற்கும் பூஸ்டர் எஞ்சின் உறிஞ்சும் வெற்றிடத்தில் வேலை செய்வது. மிச்சமிருக்கும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதிக்குத் தாங்கும், பிறகு பெடல் கல்லாகிவிடும். பவர் ஸ்டியரிங்கும் இறந்துபோய்க் கை கனக்கும். இந்த நிலையில் முடக்குக்கு முடக்கு கயிறு தொய்யாமல் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வரவேண்டும். தொய்ந்தால் பின்வண்டியின் முன்சக்கரம் கயிற்றின் மேல் ஏறும். அடுத்த ஏற்றத்தில் அது படாரென்று விறைக்கும்போது விழும் வெட்டில் கயிறு அறும், அல்லது கொக்கி பிடுங்கிக்கொண்டு வரும். பொகவந்தலாவையிலிருந்து நோர்வூட், டிக்கோயா வழியாக ஹட்டன் வரும் பாதையைத் தெரிந்தவர்களுக்கு, ஏற்றமும் இறக்கமும் எவ்வளவு சீக்கிரம் மாறும் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

பார் இழுக்கும்போது இழுக்கிறது, இறக்கத்தில் முட்டுக் கொடுக்கிறது. பின்வண்டி முன்னே நெருங்கவே முடியாது. அதன் பாரத்தை இழுக்கும் வாகனத்தின் பிரேக்கும் கியரும் ஏற்றுக்கொள்கின்றன. அதனால்தான் முன்னால் போவது கனமாக இருக்கவேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. எங்கள் டபுள் கெப் கிட்டத்தட்ட இரண்டு டன். அதன் பின்னால் ஓல்டோ, பழைய மாருதி, சாமான் ஏற்றாத டிமோ பட்டா என்ற சின்ன லொறி எல்லாம் வரும். சாமான் ஏற்றிய வேன் என்றால் சாமானை இறக்கிய பிறகுதான் பேச்சு. இறக்கம் தொடங்குவதற்கு முன்பே இரண்டாம் கியருக்கு வந்துவிட வேண்டும். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் கொஞ்ச தூரத்திலேயே தீய்ந்த நாற்றம் வரும், அதற்குப் பிறகு மிதித்தும் பயனில்லை.

பாருக்கும் குறை உண்டு. நேர் பார் இரண்டு முனையிலும் மடங்கும். ஆகவே பின்னால் ஸ்டியரிங் பிடிக்க ஒருவர் கட்டாயம் வேண்டும், சாவியும் திருப்பியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். கொண்டை ஊசி வளைவில் பின்வண்டி நேராகத் தள்ளாமல் சாய்வாகத் தள்ளும். முன்வண்டியின் வாலை வெளியே ஒதுக்கப் பார்க்கும். மழை நாளில் அதைச் சாரதி இடுப்பிலேயே உணர்வார். நடக்கும் வேகத்தில் திரும்புவதைத் தவிர வேறு வழியில்லை. பின்னால் எடுக்கவும் முடியாது.

ஏ வடிவப் பாரில் இந்தத் தொல்லை குறைவு. பின்வண்டியில் இரண்டு இடத்தில் இறுகப் பூட்டி, முன்வண்டியில் ஒரே உருண்டையில் திரும்புவதால் முன்சக்கரங்கள் தாமாகவே பின்தொடரும், ஆள் தேவையில்லை. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் மோட்டர்ஹோம் வைத்திருப்பவர்கள் சிறிய கார் ஒன்றைப் பின்னால் கட்டிக்கொண்டு போவது இப்படித்தான். இங்கிலாந்தில் அப்படி இழுக்கப்படும் கார் 750 கிலோவுக்கு மேற்பட்டதானால் அதன் பிரேக்கும் வேலை செய்தாக வேண்டும். சமவெளி அதிகமுள்ள ஊரிலேயே அப்படி. ஆனால் இந்தப் பாரைப் பூட்டக் காரின் சேஸியில் அதற்கென்று ஒரு தட்டைப் பொருத்தவேண்டும். ஒரே காரை வருடக்கணக்கில் இழுப்பவருக்கு அது சரி. இன்று ஒரு வேன், நாளை ஒரு கார் என்று வரும் கராஜுக்கு எப்படிச் சரிவரும்? இன்றைய பிளாஸ்டிக் பம்பரில் சங்கிலி சுற்றிக் கட்டவும் இடமில்லை.

சில வண்டிகளை நான் பாரிலும் தொடுவதில்லை. ஆக்வா, பிரியஸ் போன்ற ஹைபிரிட் கார்களில் முன்சக்கரம் உருண்டால் உள்ளே மோட்டார் மின்சாரம் பிறப்பிக்கும். முன்பக்கத்தைத் தூக்கித்தான் கொண்டுபோக வேண்டும். ஓட்டோ கியர் வண்டியில் கியர்ப் பெட்டிக்கு எண்ணெய் அனுப்பும் பம்பை எஞ்சின்தான் சுற்றுகிறது. எஞ்சின் நின்ற நிலையில் தூரம் இழுத்தால் பற்கள் காய்ந்து தேயும். இவற்றுக்குக் கேரியர்தான். பம்பரில் திருகிப் பூட்டும் வளையம் உள்ள கார்களிலும் எனக்குத் தயக்கம் உண்டு. அந்த வளையம் நேராக இழுப்பதற்கானது, சாய்வாகத் தள்ளுவதற்கானது அல்ல. ஸ்பெயார் டயர் குழியில் இருக்கவேண்டிய அந்த வளையமே பல கார்களில் காணாமல் போயிருக்கும் என்பது வேறு கதை. முன்சக்கரம் இரண்டை மட்டும் ஏற்றும் டொலி இருக்கிறது. அதை நான் ஓட்டியதில்லை, தோட்டப் பாதையில் அதைத் திருப்ப இடம் போதுமா என்ற சந்தேகம் மட்டும் உண்டு.

வாங்கும்போது இரண்டு மீற்றர் அளவு நீளம் பாருங்கள். குட்டையானால் முடக்கில் பம்பர்கள் முட்டும். பட்டறையில் செய்வித்தாலும் பரவாயில்லை, ஆனால் வளையத்தைப் பற்றவைத்த இடத்தைச் சுற்றி ஒவ்வொரு முறையும் விரலால் தடவிப் பார்க்கவேண்டும். பெயின்ட் மயிரிழை அளவு பிளந்து, அந்தக் கோட்டில் துருத் தண்ணீர் கசிந்திருந்தால் வெல்டிங் விட்டுக்கொண்டிருக்கிறது. பாரைப் பூட்டும் ஆணி போகும் துவாரம் வட்டம் குலைந்து நீள்வட்டமாகிறதா என்பதும் அப்படியே. அது தேயத் தேய ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் ‘டக்’ என்று அடி விழும், அந்த அடியே துவாரத்தை மேலும் பெருக்கும். பாரோடு சேர்த்து ஒரு பாதுகாப்புச் சங்கிலி கட்டுங்கள், பின்வண்டியில் விளக்கு எரியாவிட்டால் இருட்டும் முன் வேலையை முடியுங்கள்.

எங்கள் ஓட்டமெல்லாம் மஸ்கெலியா, பொகவந்தலாவை, தலவாக்கலைப் பக்கம். நுவரெலியாவிலிருந்து லபுக்கலை, ரம்பொடை வழியாக இறங்கும் நீண்ட இறக்கத்தில் பாரில் கட்டி இறக்கிய அனுபவம் எனக்கு இல்லை. அந்தப் பக்கம் அழைப்பு வந்தால் இப்போதைக்குக் கேரியர்காரரின் இலக்கத்தைக் கொடுத்துவிடுகிறேன்.