எலுமிச்சை சொறிக்கு ப்ளைட்டாக்ஸ்: எங்கள் விளையில் அடித்துப் பார்த்ததில்

ராலிஸ் நிறுவனத்தின் ப்ளைட்டாக்ஸ், அதாவது காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற தாமிர மருந்து, 50 சதவீதத் தூள். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் தாராளமாகக் கொடுப்பேன். ஆனால் இது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று தெரிந்து வாங்க வேண்டும்.

கன்னியாகுமரி மாவட்டம் திருவட்டாறு பக்கம் எங்கள் விளையில், அதாவது தோட்டத்தில், தென்னைக்கு ஊடே நாட்டு எலுமிச்சை நிற்கிறது. சொறி வந்தால் இலையில் முதலில் ஊசிமுனை அளவுக்கு நீர் கோத்த புள்ளி தெரியும். அப்புறம் அது தடித்துப் பழுப்பாகி, நடுவில் குழிந்து, சுற்றிலும் மஞ்சள் வளையம் கட்டும். இலையைத் திருப்பினால் அடியிலும் அதே இடத்தில் மேடு தட்டும். தடவினால் உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கும். காயில் அந்த மஞ்சள் வளையம் இருக்காது, சொறி மட்டும்தான். உள்ளே சாறு நன்றாகவே இருக்கும், ஊறுகாய்க்குத் தாராளமாகப் போடலாம். ஆனாலும் சந்தையில் அந்தக் காயை வியாபாரி ஒதுக்கித் தள்ளிவிடுவார்.

முதலில் ஒரு உரக்கடையில் கேட்டேன். கொண்டுபோன இலையைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்காமல், "பூசணம்தான் அக்கா, இதை அடிங்க" என்று கார்பென்டாசிம் கொடுத்தார்கள். அடித்தும் புதுத் துளிரெல்லாம் புள்ளி. எலுமிச்சைச் சொறி பூசணமே இல்லை, சாந்தோமோனாஸ் என்ற பாக்டீரியா. பூசண மருந்தான கார்பென்டாசிம் அதை ஒன்றும் செய்யாது. காசு போனதைவிட அந்தத் துளிர் முழுக்கப் போனதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. சந்தேகம் இருந்தால் இலையோடு திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போய்க் கேளுங்கள்.

தாமிரம் பாக்டீரியாவையும் கொல்லும், பல பூசணங்களையும் தடுக்கும். ஆனால் அது இலையின் மேலேதான் நிற்கும், உள்ளே போகாது. அதனால் ஏற்கெனவே வந்த சொறி ஆறாது. புதுத் துளிருக்கும் பிஞ்சுக்கும் பரவாமல் காக்கும், அவ்வளவுதான். அந்த வேலையை ப்ளைட்டாக்ஸ் ஒழுங்காகச் செய்கிறது. போன மழைக்குப் பிறகு வந்த துளிரில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் புள்ளி.

நேரம்தான் முக்கியம். மழையும் காற்றும் சேர்ந்து அடிக்கும்போது சொறியிலிருந்து தெறிக்கிற தண்ணீரில்தான் நோய் பரவுகிறது. நம் மாவட்டத்துக்கு ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் ஒரு மழை. இரண்டுக்கும் முன்னால், நல்ல வெயில் நாளில், சொறி பிடித்த கொப்புகளை வெட்டி எரித்துவிட்டு அடிக்க வேண்டும். துளிர் விரியும்போது மறுபடியும். லிட்டருக்கு 3 கிராம். தூளை நேராக டேங்கில் போடாதீர்கள். ஒரு மக்கில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கூழாகக் கரைத்து, துணியில் வடிகட்டி ஊற்றினால் நாசில் அடைக்காது. இலையின் அடிப்பக்கமும் நனைய வேண்டும்.

துளிர் இலையில் வெள்ளிக்கோடு மாதிரி வளைந்து வளைந்து தெரிந்தால் அது இலைத்துளைப்பான் புழு. அது போட்ட காயம் வழியாகச் சொறி எளிதில் நுழையும். தாமிரம் புழுவைக் கொல்லாது, அதற்கு வேப்பங்கொட்டைக் கரைசல் தனியாக அடிக்க வேண்டும்.

வெட்டிய கொப்பின் வாய்க்கு நான் கடைச்சரக்கு எதுவும் வாங்குவதில்லை. ரப்பர்காரர்கள் வீட்டில் துருசு (மயில்துத்தம்) இருக்கும். 100 கிராம் துருசு, 100 கிராம் சுட்ட சுண்ணாம்பு, இரண்டையும் பிளாஸ்டிக் வாளிகளில் அரை அரை லிட்டர் தண்ணீரில் தனித்தனியாகக் கரைத்துச் சேர்த்தால் போர்டோ பசை ரெடி. இரும்புப் பாத்திரம் கூடாது. தேய்த்த இரும்புக் கத்தியை அதில் முக்கி எடுத்து, செம்பு நிறம் படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்க்கணும். அன்றன்றைக்குக் கலக்கியதை அன்றே பூசிவிட வேண்டும்.

தாமிரம் மீனுக்கு விஷம். தெளிப்பானைக் குளத்திலோ வாய்க்காலிலோ கழுவவே கூடாது. அடிக்கும்போது முகத்துக்குத் துணியும் கைக்கு உறையும் வேண்டும்.

ஒரு நட்சத்திரத்தைக் குறைத்தது பாக்கெட்டுக்காக. எச்சரிக்கையெல்லாம் பொடி எழுத்தில் இருக்கிறது, வயதானவர்களால் படிக்க முடியாது. நாலு மரம் வைத்திருக்கிற வீட்டுக்கு 3 கிராமை அளக்க வழியும் இல்லை. உள்ளே ஒரு சின்ன அளவுக் கரண்டி போட்டுக் கொடுத்தால், அந்த ஒரு நட்சத்திரத்தையும் சேர்த்தே போடுவேன்.