இறந்தவர் வலம் பாட, இருப்பவர் இடம் பாட: ஜெரமி டச்சரின் ஆல்பம்

குமரி மாவட்டத்துக் கோவில் திருவிழாவான கொடை நாளில் வில்லடிக்கு, அதாவது வில்லுப்பாட்டுக்கு, முன்னால் உட்கார்ந்து விடிய விடியக் கேட்டவர்களுக்கு இந்த ஆல்பம் பிடிபட மொழி தெரிய வேண்டியதில்லை. வலம் பாடுகிற அண்ணாவி, அதாவது தலைமைப் பாடகர், ஓர் அடியை விடுவார். இடம் பாடுகிறவர் அதை வாங்கி, கொஞ்சம் நீட்டி, முடித்துத் திருப்பித் தருவார். ஜெரமி டச்சரின் ‘வொலஸ்தொக்வியிக் லிந்துவாகொனாவா’ ஆல்பத்தில் நடப்பதும் அதுதான். இதில் வலம் பாடுகிறவர்கள் செத்துப் பல காலம் ஆகிவிட்டது, அவ்வளவுதான் வித்தியாசம்.

டச்சர் கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் தொபீக் என்னும் பூர்வகுடி ஊரைச் சேர்ந்தவர். வொலஸ்தொக்வியிக் என்பது அவருடைய மக்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர். அழகான ஆற்றின் மக்கள் என்று பொருள். அந்த ஆற்றை உலக வரைபடம் செயின்ட் ஜான் என்று சொல்லும். மொழியைச் சரளமாகப் பேசுகிறவர்கள் நூறு பேர் அளவில்தான் மிஞ்சியிருக்கிறார்கள் என்று ஆல்பம் வந்த காலத்தில் டச்சர் சொல்லியிருக்கிறார். ஆல்பம் முழுக்க அந்த மொழியில்தான் இருக்கிறது. 2018 ஏப்ரலில் வெளிவந்து, அதே ஆண்டு கனடாவின் போலாரிஸ் இசைப் பரிசையும் 2019-இல் ஜூனோ இசை விருதையும் வாங்கியது.

மூலப்பொருள் மெழுகு உருளைகள். வில்லியம் மெக்லிங் என்ற மானிடவியலாளர் 1907 தொடங்கி அந்த மக்களிடம் போய்ப் பாட்டுகளைப் பதிந்தார். அந்தப் பதிவுகள் கனடிய வரலாற்று அருங்காட்சியகத்தில் கிடந்தன. பாடிய மக்களின் பேரப்பிள்ளைகளில் பலருக்கு அப்படியொன்று இருப்பதே தெரியாது. மேகி பால் என்ற மூத்த பாடகிதான் டச்சரிடம் சொல்லி அனுப்பியவர். டச்சர் அங்கே போய், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு பாட்டையும் கேட்டுக் கேட்டு எழுதி எடுத்தார். ஹாலிஃபாக்ஸின் டல்ஹவுசி பல்கலைக்கழகத்தில் இசை படித்து, ஓப்பரா முறையில் குரல் பயின்றவர் என்பதால் சுரம் எழுதும் கை பழகியது. சொற்களைப் பிடிக்க ஊர்ப் பெரியவர்களின் துணை வேண்டியிருந்தது.

மெழுகு உருளை எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் ஆல்பம் இன்னும் நன்றாகக் கேட்கும். மைக் கிடையாது, மின்சாரம் கிடையாது. பாடுகிறவர் ஒரு புனலுக்குள் வாயை வைத்துப் பாட வேண்டும். குரலின் அதிர்வு ஒரு தகட்டை ஆட்ட, தகட்டோடு சேர்ந்த ஊசி சுழலும் மெழுகில் பள்ளம் போடும். ஓர் உருளையில் 2 முதல் 4 நிமிடந்தான் அடங்கும். கீழ்ச்சுருதித் தாளம் ஏறாது, மேலே சலங்கை, கிலுக்கு எதுவும் ஏறாது. நடுவிலுள்ள குரல் மட்டும் நிற்கும். ஒவ்வொரு முறை போடும்போதும் ஊசி பள்ளத்தைத் தேய்க்கும், ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும். உருளையைச் சுழற்றுவது சுருள்வில் என்பதால் வேகமும் நிலையில்லை. வேகம் கூடினால் சுருதி ஏறும். விவரம் தெரிந்த பதிவாளர்கள் பாட்டுக்கு முன் ஒரு சுருதிக் குழலை ஊதிப் பதிந்து வைப்பார்கள். ஊதாத பதிவில் பாடகர் எந்தக் கட்டையில் பாடினார் என்பதே ஊகம்.

இப்படிப்பட்ட கரகரப்பை மற்றவர்கள் என்ன செய்திருப்பார்கள்? தொடக்கத்தில் பத்து வினாடி பழமை வாசனைக்குப் போட்டுவிட்டு, பிறகு புது ஆர்கெஸ்ட்ராவை இறக்கியிருப்பார்கள். டச்சர் அப்படிச் செய்யவில்லை. முதல் பாட்டு ‘மெச்சினுத்’ ஒரு சாவுப் பாட்டு. அதில் பியானோவும் தந்திகளும் எழும்பி வருகின்றன. பழைய குரல் வரும்போது அதற்கு இடம் விடுகின்றன. உருளையின் இரைச்சலை அவர் சுரண்டி எடுக்கவில்லை. பழைய குரல் மூச்சு வாங்கும் இடத்தில் இவர் குரல் நுழைகிறது, சில இடங்களில் அதன் மேலேயே ஏறி இரண்டும் சேர்ந்து போகின்றன. இடப்பாட்டுக்காரர் அண்ணாவியை மறைத்துவிட்டால் ஊர் பொறுக்காது. பின்வாங்கிவிட்டாலும் கதை தொய்ந்துவிடும். அந்த அளவு இவருக்குத் தெரிந்திருக்கிறது. நடுவே மேகி பாலின் பேச்சுக் குரலும் வருகிறது: பாட்டுகளைத் திரும்பக் கொண்டுவந்தால் மக்களும் ஆட்டமும் திரும்புவார்கள் என்ற கருத்தில். ஆல்பத்தின் நடுநாடி அந்தப் பேச்சுதான்.

‘பொமொக் நாக பொக்தொயின்ஸ்க்வெஸ்’ என்ற பாட்டும் நின்று கேட்க வேண்டியது. ஃபிஷர் என்ற காட்டு விலங்கும் நீர்த் தெய்வமும் வருகிற கதை. வேகமான பியானோ, அதன் மேல் குரல் துள்ளிப் போகும். கதைப்பாட்டில் சண்டைக் கட்டம் வரும்போது உடுக்கும் குடமும் சேர்ந்து ஓடுமே, அந்த ஓட்டம்.

குறையும் உண்டு. இந்த மக்களின் பழைய பாட்டு ஒற்றைக் குரலும் கைப்பறையும் கிலுக்கும் கொண்டு நிற்பது. பியானோ அதற்குக் கீழே சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டுகளின் (கோர்ட்) வரிசை ஒன்றை விரிக்கிறது. பியானோவின் சுரங்கள் அளந்து வைத்தவை. பழைய குரல் சுரங்களுக்கு இடையில் சறுக்கிப் போவது. இரண்டும் சேரும் சில இடங்களில் சறுக்கல் தவறு மாதிரிக் காதில் விழுகிறது. ஆல்பத்தின் பின்பாதியில் தந்திகள் ஒரே மாதிரி பொங்கி எழுவதும் இரண்டு மூன்று பாட்டுகளை ஒன்றாக்கிவிடுகிறது. ஆனால் நம் ஊரில் வில்லோடு கீபோர்ட் சேர்ந்த பிறகு ஆனதோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமில்லை. கீபோர்டின் தொடர் ஓசை குடத்தின் அடியையும் வில்மணியின் கிணுகிணுப்பையும் ஒரே நேரத்தில் விழுங்குகிறது. டச்சர் தன் பியானோவை நிறுத்தத் தெரிந்தவர்.

கேட்கும் முறை பற்றி. போன் ஸ்பீக்கரில் கேட்கவே கூடாது. உருளைக் குரலும் போன் ஸ்பீக்கரும் ஒரே நடு அலைவரிசையில் நிற்பவை. பியானோவின் அடிச்சுரம் போய்விட்டால் பழைய குரல் வெறும் ரேடியோ இரைச்சலாகத் தெரியும். காதை மூடும் ஹெட்போன் போதும். ஸ்ட்ரீமிங் செயலியில் தரத்தை உச்சத்தில் வையுங்கள், வால்யூமைச் சமப்படுத்தும் அமைப்பை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் மெதுவான பாட்டும் உரத்த பாட்டும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடலாம். ஷஃபிள் வேண்டாம். 11 பாட்டும் வரிசையில் கேட்க வேண்டியவை.

இந்த ஆல்பத்தை நாகர்கோவிலிலும் அகத்தீஸ்வரத்திலும் இருப்பவர்கள் கேட்க வேண்டும் என்று இவ்வளவு வற்புறுத்த ஒரு காரணம் இருக்கிறது. நம்முடைய மெழுகு உருளைகள் வீட்டுப் பரணில் கிடக்கின்றன. 80-களிலும் 90-களிலும் கோவில் கொடைகளில் டேப்ரிக்கார்டர் வைத்துப் பதிந்த கேசட்டுகள் அவை. முத்தாரம்மன் கதை, சுடலைமாடன் கதை, இசக்கியம்மன் கதை, தோட்டுக்காரி அம்மன் கதை என்று ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு பாடம். குமரி மாவட்டத்தின் முதிய வில்லிசைக் கலைஞர் பூங்கனி மறைந்தது 2018 நவம்பரில். இந்த ஆல்பம் வந்த அதே ஆண்டு. டச்சருக்கு அருங்காட்சியகம் பாதுகாத்துக் கொடுத்தது. நமக்குக் கடற்காற்றும் உப்பும் பூஞ்சையும்தான் காவல்.

கேசட்டை எடுத்தவுடன் பிளேயரில் தள்ளிவிடாதீர்கள். வருஷக்கணக்கில் அசையாத டேப் சுற்றுச் சுற்றாக ஒட்டியிருக்கும். முதலில் ஒருமுறை முழுக்க முன்னோட்டி, ஒருமுறை முழுக்கப் பின்னோட்டுங்கள். அதற்கும் முன், கேசட்டின் சன்னல் வழியாகப் பார்த்தால் வெள்ளைப் பொடி தெரிகிறதா? பூஞ்சை. அதை ஓட்டினால், டேப்பைப் படிக்கும் ஹெட்டில் அப்பி அடுத்த கேசட்டுக்கும் பரவும், தனியாக ஒதுக்குங்கள். டேப்பை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கிற ஒரு சின்ன கம்பளித் துண்டு கேசட்டின் நடுவில் இருக்கும். பசை காய்ந்து அது விழுந்துவிட்டால் சத்தம் மங்கிப்போகும். அப்போது ஐந்து திருகாணியுள்ள வேறொரு கேசட்டைப் பிரித்து, டேப்பை அதற்கு மாற்ற வேண்டும். 120 நிமிட டேப் மிக மெல்லியது, இழுபடும். அதைப் பலமுறை ஓட்டக் கூடாது.

ஒவ்வொரு கேசட்டுக்கும் முன் ஹெட்டையும் ரப்பர் உருளையையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். பிறகு ஹெட்டின் பக்கத்தில் இருக்கும் சிறு திருகாணி. பதிந்த மிஷினின் ஹெட் சற்றே சாய்ந்திருந்தால், நம் மிஷினில் மேல்சுருதி எல்லாம் செத்துப்போகும். திருகாணியைக் கால் சுற்றுக்கும் குறைவாக, மெல்ல இருபக்கமும் திருப்பிப் பாருங்கள். எதைக் கேட்டு நிறுத்துவது என்ற கேள்விக்கு வில்லுப்பாட்டிலேயே விடை தொங்குகிறது: வில்மணி. வீசுகோல் நாணில் விழும்போது மணிகள் தகரம் தட்டினாற்போல் கேட்டால் இன்னும் சரியாகவில்லை. ஒவ்வொரு மணியும் தனித்தனியாகப் பிரிந்து ஒலிக்கும் இடம் ஒன்று வரும், அங்கே விடுங்கள். குடத்தின் வாயில் அடி விழும்போது எழும் காற்றுச் சத்தமும் அப்போது தெளியும்.

அண்ணாவியின் குரல் சின்னப்பையன் குரல் மாதிரிக் கேட்டால், பதிந்த அன்று பேட்டரி இறங்கி டேப் மெதுவாக ஓடியிருக்கிறது. சரியான வேகம் வினாடிக்கு 4.76 செ.மீ. பாட்டில் ஆர்மோனியம் இருந்தால் நல்ல வேளை: அதன் கட்டையை இன்னொரு ஆர்மோனியத்தோடு ஒத்துப்பார்த்து வேகத்தைத் திருத்தலாம். ஆனால் திருத்தத்தை நகலில் மட்டும் செய்யுங்கள்.

டெக்கின் லைன் அவுட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு, 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ், வேவ் கோப்பு. 60 நிமிடத்துக்கு 2 ஜிபி அளவில் வரும். 48 கிலோஹெர்ட்ஸ் என்றால் அதில் பாதி. சத்தத்தின் உச்சி மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் வையுங்கள். பெண்களின் குரவை எழும்போது ஒரேயடியாக ஏறும். இரண்டு படி எடுத்து, ஒன்றை வேறு ஊரில் வையுங்கள். 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கி புயல் அடித்தபோது ஒரே வீட்டில் எல்லாம் இருந்தால் என்ன ஆகும் என்று இந்த மாவட்டம் பார்த்திருக்கிறது.

நாய்ஸ் ரிடக்ஷன் என்ற பொத்தானைத் தொடாதீர்கள். டேப்பின் இரைச்சலும் மணியின் தேய்ந்து போகிற ஒலியும் மென்பொருளுக்கு ஒன்றுதான்; இரண்டையும் சேர்த்து அரித்துவிடும், தண்ணீருக்குள் மணி அடித்தாற்போல ஆகும். பேச்சிப்பாறை, கோதையாறு மலைகளில் காணிக்காரப் பழங்குடியினர் பாடும்போது உரசுகிற கொக்கரை இன்னும் மோசமாக அடிபடும். பல் வெட்டிய இரும்புக் குழலை இரும்புக் கம்பியால் உரசி எழுப்பும் ஒலி அது. மென்பொருள் அதை முழுக்க இரைச்சல் என்றே எடுத்துக்கொண்டு, அவர்களின் பூசாரியான பிலாத்தியின் குரலை மட்டும் அநாதையாக விட்டுவிடும். டச்சர் ஏன் உருளையின் கரகரப்பைத் துடைக்கவில்லை என்பது அப்போது விளங்கும்.

இன்னொரு விஷயம், இதில்தான் டச்சரிடம் கற்க நிறைய இருக்கிறது. தன் மக்களின் பாட்டைத் தன் மக்களில் ஒருவராக, பெரியவர்கள் சொல்லி, அவர்கள் உதவியோடு எடுத்தார். கனடாச் சட்டம் 1884 முதல் 1951 வரை பூர்வகுடிச் சடங்குகள் சிலவற்றைத் தடைசெய்திருந்தது. உறைவிடப் பள்ளிகளில் தாய்மொழி பேசிய பிள்ளைகளை அடித்தார்கள். அப்படிப் பறிக்கப்பட்டதை எடுக்கும்போது யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி முதலில் வர வேண்டும். நம் பக்கம் பழைய வில்லுப்பாட்டு யூடியூபில் ஏறும்போது அண்ணாவியின் பெயரே இருப்பதில்லை. கோப்பின் பெயரிலேயே எழுதுங்கள்: ஊர், கோவில், கொடை நடந்த ஆண்டு, வலம் பாடியவர், இடம் பாடியவர், குடம், உடுக்கு, என்ன கதை. பாடியவர் வீட்டாரிடம் கேட்ட பிறகே வெளியிடுங்கள். ஆட்கள் மேல் சாமி இறங்கும் சாமி வரத்துப் பகுதியைக் கோவிலுக்கு வெளியே போடக் கூடாது என்று ஊர் சொன்னால், வெட்டிவிட்டுப் போடுங்கள். காணிக்காரரின் மருத்துவப் பாட்டுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும்.

டச்சரின் இரண்டாவது ஆல்பம் ‘மொதெவொலொனுவொக்’ 2023 அக்டோபரில் வந்தது; 2024-இல் அதுவும் போலாரிஸ் வாங்க, அந்தப் பரிசை இருமுறை பெற்ற முதல் கலைஞர் ஆனார். அதில் ஆங்கிலப் பாட்டுகளும் சேர்ந்தன, கூட்டுக் குரல்கள் பெரிதாகின. நல்ல ஆல்பம். ஆனாலும் முதலாவதையே முதலில் கேளுங்கள். உங்கள் ஊர் அண்ணாவி ஒருவருக்குப் போட்டுக் காட்டுவதாக இருந்தால் ‘மெச்சினுத்’ போதும். முன்னுரை எதுவும் சொல்லாமல், ஹெட்போனைக் கொடுத்து, பழைய குரல் வரும் வரை பொறுங்கள்.