பிடிபிடிஎன் கடனுக்கு ஏஜென்ட் தேடிப் போகாதீர்கள்: எங்களுக்கு நடந்தது

எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்த பிள்ளை வீட்டில் இருந்தால் இதை முழுக்கப் படித்துவிடுங்கள். மலேசிய அரசின் உயர்கல்வி நிதிக் கழகமான பிடிபிடிஎன் கொடுக்கும் கல்விக் கடனுக்கு விண்ணப்பிக்க எந்த ஏஜென்ட்டுக்கும் ஒரு சென்கூடக் கொடுக்கத் தேவையில்லை. எங்களுக்கு அது தெரியாமல் போனது. 630 வெள்ளி (ரிங்கிட்) போனதுகூடப் பரவாயில்லை, என் தங்கை மகளுக்கு முதல் பருவத்துக்கு வரவேண்டிய கடனே வராமல் போய்விட்டது.

தங்கை கோலாலம்பூர் செந்தூலில் ஒரு பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் வேலை செய்கிறாள். கணவர் இல்லை. மகளுக்குத் தனியார் கல்லூரி ஒன்றில் கணக்கியல் டிப்ளோமா படிக்க இடம் கிடைத்தது. அந்த நேரத்தில் கோயிலில் பழக்கமான ஒருவர், "பிரிக்பீல்ட்ஸ்ல ஒருத்தர் இருக்கார், கடன், மித்ரா உதவி எல்லாம் எடுத்துக் குடுப்பார், நல்ல கேபிள் உள்ள ஆளு" என்றார். மித்ரா என்பது இந்தியர்களுக்கான அரசாங்க உதவிப் பிரிவு, கேபிள் என்றால் மேலிடத்துச் செல்வாக்கு. நான்தான் இருவரையும் அழைத்துப் போனேன். அதனால்தான் இதை நானே எழுதுகிறேன்.

துன் சம்பந்தன் சாலையை ஒட்டிய கடை வரிசையில் முதல் மாடி. சுவர் முழுக்கப் பெரிய மனிதர்களோடு எடுத்த படங்கள், மேசையில் அரசாங்கச் சின்னம் போட்ட பாரங்கள். அந்த ஆள் தங்கையை "அக்கா, அக்கா" என்று அன்பாகத்தான் பேசினார். முதலில், நாங்கள் சொன்ன கல்லூரி வேண்டாம், தான் சொல்லும் கல்லூரியில் சேர்த்தால் கடன் நிச்சயம் என்றார். பிள்ளை மறுத்துவிட்டாள். அவள் முன்பே எம்க்யூஏ என்ற கல்வித் தகுதி அங்கீகார அமைப்பின் பதிவேட்டில் தன் கோர்ஸ் அங்கீகாரம் பெற்றதா என்று தேடிப் பார்த்திருந்தாள். அந்தப் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம்.

அப்புறம் அவர் சொன்னது தங்கையின் மனத்தை ஒரேயடியாகச் சாய்த்துவிட்டது. "அக்கா, இது அரசாங்க உதவி. பிள்ளை நல்லா பாஸ் பண்ணா ஒரு காசு திருப்பிக் கட்ட வேணாம்."

இது பொய். பிடிபிடிஎன் கொடுப்பது கடன். ஆண்டுக்கு 1 விழுக்காடு உஜ்ரா என்ற கட்டணம் சேரும். படிப்பு முடிந்து 12 மாதம் கழித்துத் திருப்பிக் கட்டத் தொடங்க வேண்டும். முதல் வகுப்பில் தேறினால் கடன் தள்ளுபடி என்பது இளங்கலைப் பட்டப்படிப்புக்கு உள்ளது, அதற்கும் நிபந்தனைகள் உண்டு. டிப்ளோமா படிக்கப் போகிற பிள்ளையின் தாயிடம் அதைச் சொல்லி ஆசை காட்டுவது எவ்வளவு பெரிய அநியாயம்! கணவரில்லாத ஒரு தாய் அந்த வார்த்தையை நம்பித்தான் அடுத்த நாலு வருடக் கணக்கைப் போடுகிறாள்.

அன்றைக்கே 380 வெள்ளி கேட்டார். எஸ்எஸ்பிஎன் என்ற பிடிபிடிஎன் சேமிப்புக் கணக்குத் திறக்க, பாரம் நிரப்ப, ஆவணம் சரிபார்க்க என்றார். எஸ்எஸ்பிஎன் சேமிப்புக் கணக்கு வேண்டும் என்பது மட்டும் உண்மை. அதற்குக் குறைந்தபட்ச வைப்பு 20 வெள்ளி, அதுவும் பிள்ளையின் பெயரிலேயே சேமிப்பாக இருக்கும். மிச்சம் 360 எதற்கு என்று நான் கேட்கவில்லை. பணம் ஒரு பெண்ணின் சொந்த வங்கிக் கணக்குக்குப் போனது. அதையும் கேட்கவில்லை.

பிள்ளையின் ஐசியை (அடையாள அட்டையை) படம் எடுத்தார், அவள் முகத்தையும் எடுத்தார். எல்லாப் பதிவையும் தன் கைப்பேசியிலேயே செய்தார். எங்கள் தலையில் மண் விழுந்தது இந்த இடத்தில்தான். தொலைபேசி எண், மின்னஞ்சல், கடவுச்சொல் மூன்றுமே அவருடையவை. கணக்கு பிள்ளையின் பெயரில், சாவி அவர் கையில். "மாமா, என் நம்பர் போட வேணாமா?" என்று அவள் என்னிடம் மெதுவாகக் கேட்டாள். அவருக்கும் அது காதில் விழுந்தது. "ஓடிபி அடிக்கடி வரும்மா, நீ கிளாஸ்ல இருப்ப, நான் பார்த்துக்கறேன்" என்றார். நானும் தலையாட்டினேன்.

இரண்டு வாரம் கழித்து, சீக்கிரம் அப்ரூவல் வாங்க இன்னும் 250 வேண்டும் என்றார். கொடுத்தோம். அதோடு பிள்ளையின் வங்கி அட்டையையும் பின் எண்ணையும் கேட்டார், கடன் பணம் வரும் கணக்கை இணைக்க வேண்டுமாம். தங்கை கொடுக்கவே தயாராகிவிட்டாள். நான் அது மட்டும் முடியாது என்று சொல்லிவிட்டேன். பின்னால் போலீசில் சொன்னார்கள், அப்படி வாங்கும் அட்டைகளைக் கும்பல்கள் மோசடிப் பணத்தை நகர்த்தப் பயன்படுத்துவார்களாம். கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் முதலில் விசாரணைக்குப் போக வேண்டியிருக்கும். 18 வயதுப் பிள்ளைக்கு அந்த நிலை வந்திருந்தால்?

அதற்குப் பிறகு, கேட்கும்போதெல்லாம் "பிராசஸ்ல இருக்கு" என்ற ஒரே பதில். கல்லூரி நிதிப் பிரிவு, கடன் பட்டியலில் பெயர் வரவில்லை, கட்டணத்தைக் கட்டு என்றது. பிள்ளை தானே உள்ளே போய்ப் பார்க்க முயன்றாள். ஐசி ஏற்கெனவே பதிவாகிவிட்டது என்று வந்தது, ஓடிபி எங்களுக்குத் தெரியாத எண்ணுக்குப் போனது. ஒரு நாள் விடுப்பு எடுத்து அவளை பிடிபிடிஎன் அலுவலக முகப்புக்கு அழைத்துப் போனேன்.

அங்கே இருந்த மலாய்க்கார அம்மா கணினியைப் பார்த்துவிட்டு எங்களையும் பார்த்தார். விண்ணப்பம் எப்போதோ அங்கீகரிக்கப்பட்டிருந்தது. தங்கை, குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அரசு தரும் எஸ்டிஆர் உதவித்தொகை பெறுகிறவள், அதனால் முழுத் தொகைக்கே தகுதி இருந்தது. இதில் கேபிளுக்கு என்ன வேலை? ஆனால் அங்கீகாரம் வந்த பிறகு கடன் ஒப்பந்தத்தை மாணவர்தான் குறித்த கெடுவுக்குள் முடிக்க வேண்டும். அந்த அறிவிப்பெல்லாம் அவருடைய மின்னஞ்சலுக்குப் போயிருக்கிறது. அவர் எங்களிடம் சொல்லவே இல்லை. கெடு முடிந்து கடன் சலுகை ரத்தாகிவிட்டது.

பிள்ளை அங்கேயே அழுதாள். அந்த அம்மா அவளை "அடிக்" (மலாயில் தங்கச்சி) என்று கூப்பிட்டு உட்காரவைத்து, ஐசியைச் சரிபார்த்து, எண்ணையும் மின்னஞ்சலையும் மாற்ற உதவினார். அடுத்த முறை விண்ணப்பம் திறக்கும்போது புதிதாகப் போடச் சொன்னார்.

முதல் பருவக் கட்டணத்தைக் கல்லூரி மூன்று தவணையாகக் கட்ட விட்டது. லோரி லைசென்ஸ் எடுக்க நான் சேர்த்துவைத்திருந்த பணத்தில் முதல் தவணை போனது. மற்ற இரண்டையும் தங்கை சனி ஞாயிறுகளில் சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவிக் கட்டினாள்.

நான் திரும்பவும் அந்த மாடி ஏறினேன். "அண்ணே, விண்ணப்பம் போட்டேன், அப்ரூவல் வந்துச்சு. என் வேலை முடிஞ்சது, மத்தது உங்க வேலை" என்றார், கண்ணைப் பார்த்தே சொன்னார். மறு மாதம் போனபோது கடை பூட்டியிருந்தது.

உங்களுக்கும் இப்படி நடந்தால் ஆறப்போடாதீர்கள். பணம் அனுப்பிய உடனே ஏமாற்று என்று தெரிந்தால் தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997க்கு அழையுங்கள், சூட்டோடு சூடாகச் சொன்னால்தான் பணத்தைத் தடுத்துநிறுத்த வாய்ப்புண்டு. நாங்கள் வாரக்கணக்கில் தாமதித்துவிட்டோம். பணம் அனுப்புவதற்கு முன்பே அந்தக் கணக்கு எண்ணை போலீஸின் செமாக் மியூல் தளத்தில் தட்டிப் பாருங்கள், இதற்கு முன் புகார் வந்திருந்தால் காட்டும். நான் போலீஸ் புகார் செய்தேன். பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்திலும் மனு போட்டிருக்கிறேன். கட்டணம் 5 வெள்ளிதான், 50,000 வெள்ளி வரையான கோரிக்கையை எடுத்துக்கொள்வார்கள், வழக்கறிஞர் வேண்டியதில்லை. ரசீது எதுவும் அந்த ஆள் தரவில்லை. வங்கிச் செயலியில் இருந்த இரண்டு பணமாற்றச் சீட்டுகளும் வாட்சப் உரையாடலும்தான் எங்கள் சாட்சி.

இரண்டாவது முறை பிள்ளை தன் எண், தன் மின்னஞ்சல் போட்டு, வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து தானே விண்ணப்பித்தாள். தங்கை பக்கத்தில் ஐசி நகலையும் சம்பளச் சீட்டையும் எடுத்துக் கொடுத்தாள். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. இந்த முறை அங்கீகாரம் வந்த அன்றே ஒப்பந்த வேலையைத் தொடங்கிவிட்டாள்.

தீர்ப்பாய விசாரணை அடுத்த மாதம். அந்த மாடிக்குப் போய்ப் பணம் கொடுத்தவர்கள் வேறு யாரும் இருந்தால் பணமாற்றச் சீட்டையும் உரையாடலையும் அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் பெயரில் தனி மனு போடலாம். பிள்ளையின் பதிவு இன்னும் அந்த ஆளின் எண்ணில் இருந்தால், ஐசியோடு அவளை நாளைக் காலையிலேயே பிடிபிடிஎன் முகப்புக்கு அழைத்துப் போங்கள்.