தக்கலைத் தச்சுப் பட்டறையும் பழந்துப்பாக்கியின் புதுக்கட்டையும்

எங்கள் பூர்வீக வீட்டு மச்சில் நெடுநாள் கிடந்த, குழல்வாய் வழியே வெடிமருந்து கெட்டிக்கும் துப்பாக்கியின் மரக்கட்டையைக் கறையான் தின்று தீர்த்துவிட்டது. மிஞ்சியவை 36 அங்குல இரும்புக் குழலும், சக்கிமுக்கிக் கல் பொருத்தும் பூட்டும் (தீப்பொறி எழுப்பும் விசையமைப்பு), ஒரு பித்தளைப் பூணும் மட்டுமே. அதற்குப் புதுக்கட்டை செய்து தந்த பட்டறை, தக்கலையிலிருந்து பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகும் வழியில், பெயர்ப்பலகை கூட இல்லாத ஓலைச் சாய்ப்பின் கீழ் இருக்கிறது. கதவும் கட்டிலும் செய்கிற இடத்தில் இப்படியொரு வேலை எவ்வளவு நுட்பமாக நடந்தது என்பதைப் பதிவு செய்யவே இதை எழுதுகிறேன்.

மூத்தாசாரி குழலைக் கையில் வாங்குவதற்கு முன்பே காகிதத்தைக் கேட்டார். அந்தக் குழலின் தீத்துளை, அதாவது மருந்துக்குத் தீ செல்லும் துளை, பல்லாண்டுகளுக்கு முன்பே உலோகப் பற்றுவைத்து அடைக்கப்பட்டது. செப்பனிட்டாலும் சுட இயலாத பழம்பொருளுக்கு 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் விலக்கு உண்டு. அதை எழுத்தில் பெற்று வைத்திருந்தேன். அவர் கண்ணாடி போட்டு அதை முழுவதும் படித்த பிறகே வேலைக்கு ஒப்புக்கொண்டார். இந்த முன்னெச்சரிக்கை எனக்கு மிகவும் பிடித்தது.

அவரிடம் போவதற்கு முன் வேறொரு கடையில் ஒரு கட்டை செய்து வாங்கி ஏமாந்திருந்தேன். நேர்வரி ஓடும் தேக்குப் பலகையில் வெட்டியிருந்தார்கள். பிடி வளையும் கழுத்துப் பகுதியில் மரத்தின் வரி குறுக்கே அறுபட்டுப் போனதால், சுவரில் மாட்டிய மூன்றாம் மாதமே அங்கே விரிசல் விழுந்தது. துப்பாக்கிக் கட்டையில் மிக மெலிந்த இடமும் மிகுந்த பாரம் தாங்கும் இடமும் அந்தக் கழுத்துதான். அங்கே வரி வளைவோடு சேர்ந்து ஓடவில்லையென்றால் எந்த மரமானாலும் நிற்காது.

மூத்தாசாரி அந்த உடைந்த கட்டையைப் பார்த்ததும் காரணத்தைச் சொல்லிவிட்டார். பிறகு பட்டறையின் பின்புறம் அழைத்துப் போய், வேர்ப்பக்கத்தில் வெட்டிய அயனி (ஆஞ்சிலி) மரப் பலகை ஒன்றைத் திருப்பிக் காட்டினார். அடிமரம் வேராக விரியும் இடத்தில் வரி இயல்பாகவே வளைந்திருந்தது. வள்ளம் என்னும் படகின் வளைகால்களுக்கு வளைந்த மரத்தையே தேடி எடுப்பார்கள் அல்லவா, அதே அறிவுதான் இங்கும் வேலை செய்தது. கட்டையின் வடிவம் வரைந்த அட்டையை அந்தப் பலகையின் மேல் பத்துத் தடவையாவது நகர்த்தி வைத்துப் பார்த்து, முன்கட்டையில் வரி நேராகவும் கழுத்தில் வளைந்தும் விழும்படி அமைத்த பிறகே பென்சிலை எடுத்தார். ஈட்டிமரம் வேண்டுமா என்று நான் கேட்டதற்கு, அது பார்வைக்கு அழகுதான், ஆனால் முழுநீளக் கட்டைக்குப் பாரம் கூடிவிடும் என்றார்.

அட்டை வரையும் முன் வடிவத்தை முடிவு செய்யச் சற்று நேரம் பிடித்தது. திரியால் பற்றவைக்கும் வடநாட்டுத் துப்பாக்கிகளுக்கு உள்ளது போல நேராக ஒடுங்கிய கட்டை அமைப்பதா, ஐரோப்பிய முறையில் தாழ்ந்த பின்கட்டை அமைப்பதா என்பது கேள்வி. எங்கள் பூட்டு ஐரோப்பிய வார்ப்பில் இருந்தது. 1741இல் குளச்சலில் தோற்ற டச்சுப் படையைச் சேர்ந்த டிலனாய், பின்னாளில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படைக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி அளித்தவர். அவருடைய கல்லறை இங்கே புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. அந்தச் சூழலுக்கும் பொருந்துகிறது என்று இரண்டாவது முறையையே தேர்ந்தோம்.

அளவுகளில்தான் இந்தப் பட்டறையின் தரம் தெரிந்தது. விசையிலிருந்து கட்டையின் பின்முனை வரை எவ்வளவு நீளம் என்பதற்கு, என் முழங்கையை மடக்கச் சொல்லி, மடிப்பிலிருந்து சுட்டுவிரலின் முதல் கணு வரை கோலால் அளந்தார். பதினொன்றரை விரல் வந்தது. இங்குள்ள தச்சுக்கணக்கில் 24 விரல் ஒரு கோல், ஒரு கோல் 72 சென்டிமீட்டர். ஆக ஏறக்குறைய 13.5 அங்குலம். கன்னம் படியும் மேடு குழலின் மேல்கோட்டிலிருந்து ஒன்றரை அங்குலமும், பின்முனையின் மேல்மூலையான குதிப்பகுதி இரண்டரை அங்குலமும் தாழ்ந்தன. சுடாத பொருளுக்கு இவ்வளவு கணக்கு எதற்கு என்று கேட்கலாம். தோளில் வைத்துப் பார்த்தால் கண் தானாகக் குழலின் மேல் போய் நிற்கிற கட்டைதான், சுவரில் தொங்கும்போதும் சரியான வடிவில் தெரியும்.

குழல் படியும் பள்ளத்தை வெட்டிய வேலையை நான் ஒரு நாள் முழுவதும் பக்கத்தில் இருந்து பார்த்தேன். பின்பாதி எட்டுப்பட்டை, முன்பாதி உருட்டு என்பதால் பள்ளமும் அதற்கேற்ப மாற வேண்டும். தேங்காய் எண்ணெய் விளக்கின் கரியைக் குழலின் அடியில் மெல்லப் பூசி, பள்ளத்தில் வைத்து, கொட்டாப்புளியால் ஒரு தட்டுத் தட்டி எடுப்பார். கரி ஒட்டிய இடத்தில் மட்டும் உளியை மல்லாத்தி ஒரு மயிரளவு சுரண்டுவார். மீண்டும் பூச்சு, மீண்டும் தட்டு. மாலையில் பள்ளம் முழுவதும் ஒரே சீராகக் கறுத்தபோது, குழலுக்கும் மரத்துக்கும் இடையே ஒரு தாள் கூட நுழையவில்லை.

முந்தைய கடைக்காரர் செய்த இன்னொரு பிழை, மரத்தைக் குறைக்கப் பயந்தது. பூட்டின் இருபுறமும் பலகை போலத் தடித்து, முன்கட்டை உலக்கை போல இருந்தது. இவரோ குழலின் பாதி உயரத்துக்கு மேல் மரத்தை விடவில்லை. மருந்தைக் குழலுக்குள் திணிக்கும் திணிகோல் செல்லும் துளைக்கும் குழலுக்கும் நடுவே அரைக்கால் அங்குலச் சுவர்தான் வைத்தார். பூட்டைச் சுற்றி மெல்லிய விளிம்பு ஒன்றே நின்றது. “மக்களே, மரம் கூடிப்போனா இரும்பு மெலிஞ்சு தெரியும்” என்று சொல்லிக்கொண்டே கழுத்தை உருட்டாக விடாமல் முட்டைவடிவில் இழைத்தார். பிறகு கட்டையை வாசல் வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துத் திருப்பி, நிழல் எங்கே தடுக்குகிறது என்று பார்த்து, அந்த மேட்டை மட்டும் அரத்தால் எடுத்தார். கண்ணுக்குத் தெரியாத மேடு நிழலில் தெரிந்ததை நானும் பார்த்தேன்.

குறைகளும் உண்டு. ஒரு மாதம் என்றது பதினோரு வாரமானது. நடுவே கல்யாண வீட்டுக் கட்டில் வேலைகள் புகுந்துவிட்டன, நான் நான்கு தடவை வீணாக நடந்தேன். பின்முனைப் பித்தளைத் தகட்டின் கீழ்மூலையில் நகம் நுழையும் இடைவெளி இருந்தது. அதைச் சொன்னபோது மறுக்காமல் வாங்கி வைத்து, ஒரு வாரத்தில் சரி செய்து தந்தார். பளபளக்கும் பாலிஷ்தான் அங்கே வழக்கம். ஆளிவிதை எண்ணெயைத் துணியில் தொட்டுத் தேய்த்து, காயவிட்டு, மீண்டும் தேய்க்கும் பூச்சுதான் வேண்டும் என்பதை முன்பே திட்டமாகச் சொல்லிவிட வேண்டும். மரத்துக்கு 4,200 ரூபாயும் கூலிக்கு 18,000 ரூபாயும் கொடுத்தேன். இந்த வேலைக்கு அது நியாயமான கூலி.

ஆடிச்சாரலும் ஐப்பசி மழையும் கடந்துவிட்டன. கழுத்தில் ஒரு கோடு கூட விழவில்லை, பள்ளமும் விலகவில்லை. என் கட்டையை வரைந்த அட்டை பட்டறையின் சுவரில் ஆணியில் தொங்குகிறது. போகிறவர்கள் குழலையும் பூட்டையும் காகிதத்தையும் சேர்த்தே எடுத்துப் போகவும். படத்தை மட்டும் காட்டினால் அவர் அளவு சொல்ல மாட்டார்.