தத்துப் பிள்ளையோடு திருவனந்தபுரத்தில் விமானம் ஏறும்வரை: குமரி மாவட்டத்தில் உறவினர் தத்து

அண்ணன் பிள்ளையை, தங்கச்சி பிள்ளையைத் தத்தெடுத்துத் தங்களோடு கூட்டிப்போக வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் நாகர்கோவிலில் முதலில் போய் நிற்பது பெரும்பாலும் ஒரு ஆவண எழுத்தர் கடையில்தான். முத்திரைத்தாள் வாங்கி, தத்துப் பத்திரம் எழுதி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தால் வேலை முடிந்தது என்று ஊரில் இன்னமும் சொல்கிறார்கள். அந்தப் பத்திரத்தை மட்டும் வைத்துக்கொண்டு பிள்ளையை நாட்டைவிட்டுக் கூட்டிப்போக முடியாது. மூன்று வார லீவு அதிலேயே கரைந்துபோகும்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில் 56-வது பிரிவின் 5-வது உட்பிரிவு, முறையான தத்து ஆணை இல்லாமல் ஒரு குழந்தையை வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதைக் குற்றம் என்கிறது. தண்டனை 80-வது பிரிவில் இருக்கிறது: மூன்று ஆண்டுவரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். சொந்தப் பிள்ளைதானே, நம் ரத்தம்தானே என்ற பேச்சு அங்கே எடுபடாது. இன்னொன்று: 2022 செப்டம்பர் 1 முதல் தத்து ஆணையை வழங்குவது நீதிமன்றம் அல்ல, மாவட்ட ஆட்சியர். 'கோர்ட்டில் பெட்டிஷன் போடலாம்' என்று யாராவது அட்வான்ஸ் கேட்டால், பழைய முறையைச் சொல்கிறார் என்று புரிந்துகொள்ளுங்கள்.

யார் உறவினர் என்பதையும் சட்டமே எண்ணி வைத்திருக்கிறது. பிள்ளையின் அப்பா கூடப்பிறந்தவர்கள், அம்மா கூடப்பிறந்தவர்கள், இரண்டு பக்கத்துப் பாட்டா, பாட்டி. அதாவது பெரியப்பா, சித்தப்பா, மாமா, பெரியம்மா, சித்தி, நம் பக்கத்தில் மாமி என்று கூப்பிடும் அத்தை. ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி முறை இதில் வராது. சித்தப்பா மகனும் வீட்டில் கூடப்பிறந்தவன் மாதிரிதான்; ஆனால் அவருடைய பிள்ளையை இந்த வழியில் எடுக்க முடியாது. உறவினர் தத்தில் ஒரு சலுகையும் உண்டு: உறவில்லாத பிள்ளையை எடுக்கும் தத்தில் பார்க்கும் பெற்றோரின் வயது வரம்பும், ஏற்கெனவே எத்தனை பிள்ளைகள் என்ற கணக்கும் இங்கே கிடையாது.

இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம் 1956 இந்துக்களுக்கும் பௌத்த, சமண, சீக்கியர்களுக்கும் மட்டும். கிறிஸ்தவர்கள் இவ்வளவு பேர் இருக்கும் குமரி மாவட்டத்தில் பல குடும்பங்களுக்கு அந்தக் கதவே இல்லை. இந்துக் குடும்பங்களுக்கும் அதில் கட்டுப்பாடு உண்டு. பிள்ளைக்கு 15 வயது நிறைந்திருக்கக் கூடாது, வீட்டில் மகன் இருந்தால் இன்னொரு ஆண் பிள்ளையைத் தத்தெடுக்க முடியாது, மகளுக்கும் அதே கணக்கு. அந்தச் சட்டப்படி எடுத்தாலும், வெளிநாட்டில் குடியிருப்பவருக்கு மாவட்ட ஆட்சியரின் சரிபார்ப்பும், தில்லியில் இருக்கும் மத்திய தத்துவள ஆணையத்தின் தடையின்மைச் சான்றும் வேண்டும். அந்த ஆணையத்தை அலுவலகங்களில் எல்லோரும் 'காரா' என்றே சொல்வார்கள். எப்படியும் ஆட்சியர், காரா வழியாகத்தான் போக வேண்டும் என்றால், இளைஞர் நீதிச் சட்டத்தின்படி நேராகப் போவதே நல்லது.

இனி வரிசை. இதில் ஒரு படி முன்பின் ஆனாலும் தொடக்கத்துக்கே திரும்ப வேண்டியிருக்கும்.

முதல் படி ஊரில் இல்லை, நீங்கள் வசிக்கும் நாட்டில் இருக்கிறது. அங்கே காரா அங்கீகரித்த முகமையோ, அந்நாட்டில் தத்துக்குப் பொறுப்பான மைய அதிகாரமோ உங்கள் வீட்டுக்கு வந்து குடும்ப ஆய்வறிக்கை தயாரிக்க வேண்டும். வருமானம், உடல்நலம், காவல்துறை நற்சான்று, கல்யாணச் சான்று எல்லாம் அதில் சேரும். அறிக்கைக்கு மூன்று ஆண்டு ஆயுள். வளைகுடாவில் இருப்பவர்களுக்கு அப்படி முகமை கிடையாது. இந்தியக் குடிமக்களாக இருந்தால் இந்தியத் தூதரகம் வழியாகச் செய்யலாம். அந்த நாட்டில் தத்துப் பிள்ளைக்குக் குடும்ப விசா கிடைக்குமா என்பதை அதற்கும் முன்பே ஸ்பான்சரிடமும் குடியேற்ற அலுவலகத்திலும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தத்து ஆணை கையில் இருந்தும் விசா இல்லாமல் பிள்ளை ஊரில் நிற்பதைப்போல வேதனை வேறில்லை. அந்தப் பிள்ளைக்கு அதைப் புரியவைக்க யாராலும் முடியாது.

அமெரிக்காவில் இருப்பவர்கள் இங்கே நிதானிக்க வேண்டும். வெளிநாட்டுப் பிள்ளையைத் தத்தெடுக்க அமெரிக்கக் குடியேற்றத் துறையில் முதலில் போடும் ஐ-800ஏ படிவத்துக்கு அமெரிக்கக் குடியுரிமை வேண்டும், கிரீன் கார்டு போதாது. பெற்ற தாய் தகப்பன் இருவரும் உயிரோடு இருந்தால், பிள்ளையைச் சரியாகப் பராமரிக்க இருவராலும் முடியவில்லை என்று காட்ட வேண்டும். நல்ல வேலையில் இருக்கும் அண்ணனுடைய ஆரோக்கியமான பிள்ளைக்கு அந்த நிபந்தனை பொருந்தாது. அங்கிருந்து தற்காலிக ஒப்புதல் வருமுன் இங்கே தத்து ஆணை வாங்குவதும் தவறு. ஆணை செல்லும், விசா வராது.

குடும்ப ஆய்வறிக்கை காராவின் இணையதளத்தில் ஏறியதும், காரா அதை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு அனுப்பும். அங்கிருந்து சமூகப் பணியாளர் ஒருவர் பிள்ளை வளரும் வீட்டுக்கு வந்து குடும்பப் பின்னணி அறிக்கை எழுதுவார். இந்தக் கட்டத்தில் நீங்கள் ஊரில் இருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் உங்கள் அண்ணனும் அண்ணியும் என்ன சொல்ல வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். மனப்பாடம் செய்து சொல்லச் சொல்லவில்லை, உண்மையைச் சொல்ல வேண்டும் என்கிறோம்.

அந்த வருகை எப்படி நடக்கும் என்றால், முன்னறையில் நாற்காலி போட்டு டீ கொடுத்ததும் அவர் முதலில் ரேஷன் கார்டையும் பிறப்புச் சான்றையும் பார்ப்பார். பிறகு பெற்ற தாயிடம் தனியாகப் பேசுவார். எதற்காகக் கொடுக்கிறீர்கள், யாராவது வற்புறுத்தினார்களா, பணம் ஏதாவது கைமாறியதா என்று கேட்பார். பிறகு பிள்ளை. ஐந்து வயது நிறைந்த பிள்ளையின் சம்மதமும் கட்டாயம். 'சித்தப்பாகூட டூர் போறோம்' என்று சொல்லி வைத்திருக்கும் வீடுகளில் இங்கேதான் குட்டு உடையும். பிள்ளை அம்மாவின் சேலை நுனியைச் சுருட்டிக்கொண்டே, 'பள்ளிக்கூடம் திறக்க முன்ன வந்துருவோம்' என்று சொல்லும். அதைக் கேட்ட பணியாளர் சம்மதம் இருக்கிறது என்று எழுத மாட்டார், எழுதவும் கூடாது. வீடு மாறுகிறது, அப்பா அம்மா என்று இனி இவர்களையும் கூப்பிடலாம், பழைய வீட்டுக்கும் வந்து போகலாம் என்று பிள்ளைக்குப் புரியும் சொல்லில் பல மாதம் முன்பிருந்தே சொல்லி வர வேண்டும்.

பணம் பற்றி ஒன்று. அண்ணன் வீடு கட்டுவதற்கு நீங்கள் அனுப்பும் தொகை உண்மையிலேயே வீட்டுக்காகவே இருக்கலாம். ஆனால் தத்து நடக்கும் மாதங்களில் பெரிய தொகை போனால், பிள்ளைக்குக் கொடுத்த விலை என்று யார் கண்ணுக்கும் படும். குழந்தையை விற்பதும் வாங்குவதும் 81-வது பிரிவில் தனிக் குற்றம். இரண்டு காரியத்தையும் நாள் விட்டுப் பிரித்து வையுங்கள்.

பின்னணி அறிக்கையும் நீங்கள் வசிக்கும் நாட்டின் அனுமதியும் சேர்ந்த பிறகு காரா முன்-ஒப்புதல் கடிதம் தரும். அதன்பிறகுதான் கலெக்டர் ஆபீஸ். மனு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு வழியாக ஆட்சியருக்குப் போகும். பிள்ளை பெற்றோருடன் எந்த மாவட்டத்தில் வசிக்கிறதோ அந்த மாவட்ட ஆட்சியர். இரண்டு மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி. அந்த இரண்டு மாதத்தையும் ஊரில் உட்கார்ந்து கழிக்க லீவு யாருக்கும் கிடைக்காது. மனுவில் கையெழுத்திட ஒரு தடவை, விசாரணைக்கும் பிள்ளையைக் கூட்டிப்போகவும் இன்னொரு தடவை என்று இரண்டு பயணமாகத் திட்டமிடுவதே எங்கள் கணிப்பில் சரி.

எப்போது வருவது என்பதில்தான் நம் ஊர்க்காரர்கள் அதிகம் தவறுகிறார்கள், ஏனென்றால் எல்லோரும் டிசம்பரில் வருகிறார்கள். டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் பேராலயத் திருவிழா, மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை. மார்கழியில் சுசீந்திரம் தேர், அதற்கும் விடுமுறை. நடுவில் கிறிஸ்துமஸ், அடுத்து புத்தாண்டு, பொங்கல். மற்ற மாதங்களிலும் நவம்பர் 1, சிவராத்திரி, மண்டைக்காடு கொடை, ஓணம் எல்லாம் இந்த மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை நாட்கள். திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள். கலெக்டர் ஆபீஸ் வளாகம் முழுக்க மனுவோடு வந்த ஜனம் நிற்கும், தத்துக் கோப்பைப் பற்றி விசாரிக்க ஆள் கிடைக்காது. செவ்வாய், புதன் காலை போங்கள். ஆணையை ஆங்கிலத்தில் கேளுங்கள், சான்றிட்ட நகல் குறைந்தது நான்கு வாங்குங்கள்.

ஆணையின் நகல் காராவுக்குப் போனபின் தடையின்மைச் சான்று வரும். நாடுகளுக்கிடையே நடக்கும் தத்துக்கான ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளுக்கு, அந்த உடன்படிக்கைப்படி நடந்த தத்து என்ற இணக்கச் சான்றும் உண்டு.

அடுத்தது பிறப்புச் சான்று. கோப்புகள் அதிகம் தேங்குவது இங்கேதான். புதிய பெற்றோர் பெயரோடு சான்றைத் திருத்தித் தருவது, பிள்ளை பிறந்த மருத்துவமனை எந்த உள்ளாட்சியில் இருக்கிறதோ அங்குள்ள பதிவாளர். வீடு கருங்கலில் இருந்தாலும் பிரசவம் நாகர்கோவிலில் என்றால் மாநகராட்சிக்குப் போக வேண்டும். விளவங்கோடு, கிள்ளியூர் பக்கத்துக்காரர்கள் பலர் பிரசவத்துக்குப் பாறசாலை, நெய்யாற்றின்கரை, திருவனந்தபுரம் போவார்கள். அந்தப் பிள்ளைகளின் பதிவு கேரளத்தில். அங்கே விண்ணப்பிக்கத் தனி நாள், தனி அலைச்சல். டிக்கெட் போடும் முன்பே பழைய சான்றை எடுத்து எங்கே பதிந்தது என்று பாருங்கள். பெயர் கட்டம் காலியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். பிள்ளைக்குப் பெயர் வைக்கும் முன் பதிந்துவிட்டு அப்படியே விட்ட சான்றுகள் நிறைய.

இனிஷியலால் வரும் சிக்கல் இன்னொன்று. பிள்ளைக்கு இதுவரை பெற்ற தகப்பன் பெயரின் முதலெழுத்து இனிஷியல். ஆணைக்குப்பின் உங்கள் பெயர். உங்கள் பாஸ்போர்ட்டில் உங்கள் அப்பா பெயர் குடும்பப் பெயராக ஏறியிருக்கும், கல்யாணச் சான்றில் இனிஷியலாக இருக்கும், பத்தாம் வகுப்புச் சான்றில் வீட்டுப்பெயரும் ஒட்டியிருக்கும். இந்தியாவில் இதை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள், விசா அதிகாரி மூன்று வெவ்வேறு ஆள் என்பார். மனு எழுதும்போதே உங்கள் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து எழுதச் சொல்லுங்கள். ஆணை வந்தபின் ஒரு எழுத்தைத் திருத்த இன்னொரு மனு வேண்டும். அதேபோல், கோவிலோ தேவாலயமோ கொடுத்த கல்யாணச் சான்று மட்டும் போதாது. 2009 சட்டப்படி பதிந்த திருமணப் பதிவுச் சான்றை எடுத்து வையுங்கள்.

புதிய பிறப்புச் சான்று வந்தபின் ஆதார், அதன்பின் பாஸ்போர்ட். ஆதாரை முதலில் மாற்றப்போனால் பிறப்புச் சான்றோடு ஒத்துப்போகாமல் மறுபடி திருத்த வேண்டியிருக்கும். குமரி மாவட்டம் மதுரை மண்டலப் பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் வருகிறது. சிறுவர் பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் ரூ.1,000, எட்டு வயதுக்குக் கீழ் பத்து சதவீதம் குறைவு; ஐந்து ஆண்டு அல்லது 18 வயது, எது முந்துகிறதோ அதுவரை செல்லும். நான்கு வயதுக்குக் கீழ் என்றால் வெள்ளைப் பின்னணியில் எடுத்த புகைப்படம் கையோடு கொண்டுபோக வேண்டும். பிள்ளைக்குப் பழைய பாஸ்போர்ட் இருந்தால் அதை மறைத்துப் புதிதாக விண்ணப்பிக்காதீர்கள். பெற்றோர் பெயர் மாற்றம் என்று குறிப்பிட்டு மறுவெளியீடு கேளுங்கள்.

ஆவணங்களுக்கு அட்டெஸ்டேஷன் வேண்டும். பிறப்புச் சான்றுக்கு முதலில் மாநில அரசின் சான்றொப்பம், பிறகு வெளியுறவுத் துறையின் அப்போஸ்டில், அதாவது ஆவணத்தை வெளிநாட்டில் ஏற்கவைக்கும் சான்று முத்திரை. ஓமன், பஹ்ரைன், சவுதி அப்போஸ்டில் ஏற்கும் நாடுகள். அமீரகம், கத்தார், குவைத்துக்கு அப்போஸ்டிலுக்குப் பதில் வெளியுறவுத் துறையின் சான்றொப்பமும், அதன்பின் அந்நாட்டுத் தூதரக முத்திரையும் வாங்க வேண்டும்.

விமானத்துக்கு நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் 70 கிலோமீட்டர்தான். ஆனால் மார்த்தாண்டமும் களியக்காவிளையும் பாலராமபுரமும் நடுவில் கிடக்கின்றன. காரில் மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளைக்கு இட்லியும் மட்டிப்பழமும் கட்டிக்கொள்ளுங்கள். தத்து ஆணை, தடையின்மைச் சான்று, இணக்கச் சான்று, புதிய பிறப்புச் சான்று நான்கின் அசலும் கைப்பையில் இருக்கட்டும், செக்-இன் பெட்டியில் வேண்டாம். குடியேற்றக் கவுன்ட்டரில் பிள்ளையிடமே 'இவங்க யாரு' என்று கேட்பார்கள். சித்தப்பா என்று பிள்ளை சொன்னாலும் பதற்றப்பட வேண்டாம். ஆணையைக் காட்டி, உறவினர் தத்து என்று சொன்னால் போதும்.

போய்ச் சேர்ந்தபின் இரண்டு ஆண்டு கண்காணிப்பு அறிக்கை உண்டு: முதல் ஆண்டு மூன்று மாதத்துக்கு ஒன்று, இரண்டாம் ஆண்டு ஆறு மாதத்துக்கு ஒன்று. முகமை வீட்டுக்கு வந்து எழுதி காராவுக்கு அனுப்பும். முதல் அறிக்கைக்கான தேதியைப் போன அன்றே குறித்து வையுங்கள். பழைய பிறப்புச் சான்றின் நகலையும், பெற்ற தாய் தகப்பன் கையெழுத்திட்ட சம்மதப் பத்திரத்தின் நகலையும் தூக்கிப் போடாதீர்கள். 18 வயதுக்குப்பின் தன் வேரைத் தேடிக் கேட்கும் உரிமை பிள்ளைக்குச் சட்டத்தில் இருக்கிறது. அதற்கு அந்தத் தாள்கள் வேண்டும்.